முன்பாரம் பின்பாரம்

பேர்ள் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் வரை சேறும் சரளைக்கல்லுமாகக் கிடந்த முற்றம் காணாமல் போயிருந்தது. வேலிக் கட்டைகள் தலையில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. யூகலிப்டஸ் மரங்களின் கிளைகள் பாரம் தாங்காமல் நிலத்தைத் தொடப் பார்த்தன.

"எறிக்! ஓடி வாங்கோ! கொட்டிக் கிடக்கு!"

எறிக் ஏற்கெனவே குசினியில்தான் நின்றான். கையெல்லாம் மாவாக ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

"அந்தோனியாரே! கேட்டது கிடைச்சிட்டுது. ஆனா இவ்வளவு கேக்கேல்லையே."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெல்பேர்னிலிருந்து மலைப்பக்கமாக வெகுதூரம் வந்து, ஆர்டன் மலையில் ஒரு பழைய பனிச்சறுக்குக் கிளப்பின் லொட்ஜை இந்தக் குளிர்காலத்துக்கு நடத்தித் தருவதாகக் கணவனும் மனைவியும் பொறுப்பெடுத்திருந்தார்கள். அதற்காக அவள் டான்டினோங்கில் பெரிய களஞ்சியமொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வேலைக்கும், அவன் மல்கிரேவில் சமைத்த வேலைக்கும் நீண்ட லீவு போட்டிருந்தார்கள். மெல்பேர்ன் ரோவிலில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்த நாளிலிருந்து மழைதான். பனியைக் காணவில்லை. வருவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் கைவிட்டுவிட்டார்கள். ஒரேயொரு குழு மட்டும் "நாங்கள் வந்தே தீருவம்" என்று நின்றது. கிரெய்கிபர்ன் தமிழ் மூத்தோர் கழகம்.

அந்தக் குழு இன்றைக்குத்தான் வருகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள். மெல்பேர்னில் பேரப்பிள்ளை கண்டவர்கள். ஆனால் பனியைக் கையால் தொட்டவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லையென்று அவர்களை ஒழுங்குபடுத்தும் யேசுராசா அங்கிள் போனில் சொல்லியிருந்தார்.

"நான் பாதையைத் திறக்கிறன். நீங்கள் இறைச்சி றோல்ஸைப் பாருங்கோ," என்று பேர்ள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மலையின் பெரிய ரோட்டை நிர்வாகத்தின் லொறிகள் விடியவே வழித்துவிடும். ஆனால் ரோட்டிலிருந்து லொட்ஜுக்கு ஏறிவரும் பாதை சொந்தப் பாதை. அதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பற்றாததற்கு, ரோட்டை வழித்த லொறி அள்ளிய பனியெல்லாம் பாதையின் வாயில் இடுப்பளவு மதிலாகக் குவிந்து நிற்கும். பஸ் ரோட்டில் நிற்க முடியாது, பின்னால் வரும் வாகனங்கள் விடா. பாதை திறந்திருந்தால் உள்ளே ஏறலாம். இல்லையென்றால் பஸ் நேரே உச்சிக்குப் போய், அங்கே கார் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டுத் திரும்பவேண்டியதுதான். இந்தக் குளிர்காலத்தில் கிடைத்த ஒரே குழுவும் கைவிட்டுப் போய்விடும்.

கொட்டகையில் கிளப்பின் சின்ன டிராக்டர் நின்றது. அதன் பின்னால் கொளுவுவதற்கு ஒரு கனத்த பிளேடு முன்பிருந்தே இருந்தது, பனியை வழித்துத் தள்ளும் வளைந்த இரும்புத் தகடு. முன்னால் கொளுவ எறிக் போன கிழமை ஒரு ஸ்னோ ப்ளோவர் கொண்டுவந்திருந்தான். பாவித்ததுதான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. வாய்க்குள் சுழலும் இரும்புச் சுருள் பனியை வாரி உள்ளே இழுக்க, மேலே வளைந்து நிற்கும் குழாய் அதைத் தூர எறியும். இருவரும் அரைநாள் மல்லுக்கட்டி அதை முன்னால் பூட்டினார்கள். பூட்டி முடித்த கையோடு எறிக், "முன்னுக்கு இந்த ராட்சசன் நிக்கேக்கை பின்னுக்கு அந்தத் தகடு என்னத்துக்கு?" என்று பிளேடைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டான். பேர்ளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இன்றைக்குத்தான் முதல் ஓட்டம். பேர்ள் ஏறி இருந்து பெல்ட்டை இறுக்கினாள். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வாயில் நிற்கும் மதிலை முதலில் உடைப்போம், பிறகு மேல்நோக்கி வரலாம் என்று எண்ணினாள். ப்ளோவரை நன்றாக உயர்த்திக்கொண்டு, கெண்டைக்கால் அளவு பனிக்குள் இறக்கத்தில் இறங்கினாள். நெஞ்சு குதித்தது. சின்ன வயதில் பேசாலைக் கடற்கரையில் வள்ளத்தைத் தள்ளிவிட்டு அது மிதக்கும் கணத்தில் ஏறிக் குந்தியபோது வந்த அதே குதிப்பு.

ஆனால் இங்கே மிதந்தது டிராக்டரின் பின்பக்கம்.

முதலில் ஒரு சின்னத் துள்ளல். பிறகு இன்னொன்று. பேர்ள் பிரேக்கை மிதித்தாள். அந்த டிராக்டரில் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரைப் போடவும் அவள் அவசரத்தில் மறந்துபோயிருந்தாள். பின்சக்கரங்கள் சுழல்வதை நிறுத்தின; டிராக்டர் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. பின்பக்கம் பக்கவாட்டில் சுற்றி வரத் தொடங்கியது. ஒரு யூகலிப்டஸ் மரம் அவளை நோக்கி நடந்து வருவதுபோல இருந்தது.

கை தானாக நெம்புகோலைத் தள்ளியது. ப்ளோவர் தொம்மென்று நிலத்தில் விழுந்து, நங்கூரம்போலப் பனியைக் கிழித்துக்கொண்டு இழுபட்டு நின்றது. மரத்துக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு ஆள் புகலாம், அவ்வளவுதான். அதிர்வில் கிளையொன்று தன் பனி முழுவதையும் அவள் தலையில் கொட்டியது.

எறிக் செருப்போடும் ஏப்ரனோடும் பனிக்குள் விழுந்தெழும்பி ஓடிவந்தான்.

"பேர்ள்! எங்கையும் அடிபட்டதே? இறங்கும், இறங்கும்!"

"ஒண்டுமில்லை," என்றாள். கண்கள் பளபளத்தன. "எறிக், பின்பக்கம் மிதக்குது. அதுக்குப் பாரமே இல்லை. எல்லாப் பாரமும் முன்னுக்கு."

இறங்கித் தான் வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தாள். புதுப்பனியில் எல்லாம் எழுதி வைத்ததுபோலத் தெரிந்தது. முன்சில்லின் பற்கள் ஒவ்வொன்றும் ஆழமாக, கூராகப் பதிந்திருந்தன. பின்சில்லின் தடமோ துணியால் துடைத்துவிட்டதுபோல இழுபட்டுக் கிடந்தது.

நான்கு சக்கர இழுவையைப் போட்டு, ப்ளோவர் நிலத்தில் உரசும்படி வைத்து, மெல்ல மெல்லப் பின்னால் ஏறி முற்றத்துக்கு வந்து சேர்ந்தாள். அதற்குள் எறிக்கின் போன் அடித்தது.

"பிள்ளையளே!" யேசுராசா அங்கிளின் குரல் ஸ்பீக்கரில் முழங்கியது. பின்னால் பஸ்ஸே பாடிக்கொண்டிருந்தது. "மலை அடிக்கு வந்திட்டம்! டிரைவர் சில்லுக்குச் சங்கிலி போடுறார். எல்லாம் ரெடிதானே?"

எறிக் பேர்ளைப் பார்த்தான். பேர்ள் ஓமென்று தலையை ஆட்டினாள்.

"ஓம் அங்கிள், எல்லாம் ரெடி," என்றான் எறிக். போனை வைத்துவிட்டு, "பொய் சொல்லிப்போட்டன்," என்றான்.

"இன்னும் பொய்யில்லை. அந்தப் பிளேடைக் கொண்டு வருவம், வாங்கோ."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவளுக்கு இது புரியாத விஷயமா? ஃபோர்க்லிஃப்ட்டின் பின்புறம் முழுக்க ஒரே இரும்புக் கட்டி. முன்னால் தூக்கும் பாரத்துக்கு அதுதான் பதில். டிராக்டருக்கும் பின்னால் பதில் வைக்கவேண்டும், இதிலென்ன இருக்கிறது என்று நினைத்தாள். அவள் டிராக்டரைப் பின்னால் எடுக்க, எறிக் கைகாட்ட, பிளேடை மூன்று இடத்தில் கொளுவி ஆணி போட்டார்கள்.

"காணுமோ?" என்றான் எறிக்.

"காணாது. இன்னும் வைப்பம். முன்னுக்கு நிக்கிறது எவ்வளவு பெரிய சாமான்!"

நடைபாதையில் வழுக்காமல் இருக்கத் தூவும் கல்மணல் மூடைகள் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைத் தூக்கித் தூக்கிப் பிளேடுக்கு மேல் அடுக்கினார்கள். லொறியில் சாமான் கட்டும் பட்டிகளால் இறுக்கிக் கட்டினார்கள். மூச்சு வாங்கியது, வேர்த்தது. இருவரும் ஜக்கெட்டைக் கழற்றி வேலியில் எறிந்தார்கள். மூடைகள் முடிந்ததும் எறிக் குசினிப் பக்கம் திரும்பினான்.

"அந்தப் பெரிய அரிசி மூடையும் கிடக்கு..."

"அரிசியைத் தொட்டீங்களெண்டால் மத்தியானம் வாற சனத்துக்கு மணலையே அவிச்சுக் குடுக்கிறது?"

பேர்ள் மறுபடி ஏறினாள். இந்தத் தடவை முற்றத்திலிருந்தே வேலையைத் தொடங்கினாள். ப்ளோவரை நிலத்தில் இறக்கி, சுழலவிட்டாள். உறுமல் ஒன்று கிளம்பியது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாயின் வாயிலிருந்து பனி பீறிட்டு எழுந்து, வேலிக்கு மேலால் வில்லாக வளைந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு பள்ளத்தில் கொட்டியது.

"ஆஆ!" என்று கத்தினாள் பேர்ள். எறிக் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். ஏப்ரன் முகத்தில் அடித்தது.

பின்சக்கரங்கள் பாறையைக் கவ்வியதுபோலக் கவ்வின. வழுக்கல் இல்லை, துள்ளல் இல்லை. முற்றத்தை வழித்துக்கொண்டு பாதைக்குத் திரும்பும் வளைவுக்கு வந்தாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள். சில்லுகள் திரும்பின. டிராக்டர் திரும்பவில்லை. இன்னும் ஒடித்தாள். அது அவளைக் கவனிக்காமல் நேரே போய், பனிமேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

"உதென்ன, இப்ப இதுக்கு வேற நோயோ?" என்று எறிக் ஓடிவந்தான்.

பேர்ள் இறங்கி மறுபடி தடத்தைப் பார்த்தாள். இப்போது எல்லாம் தலைகீழ். பின்சில்லின் பற்கள் பாண் வெட்டும் கத்தியால் வெட்டியதுபோல ஆழமாகக் கிடந்தன. முன்சில்லின் தடம் கோழி நடந்ததுபோல, பட்டும் படாமலும்.

குனிந்து முன்சில்லைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான் மடைச்சி. ஃபோர்க்லிஃப்ட்டை நினைச்சிட்டன், எறிக். ஃபோர்க்லிஃப்ட் திரும்பிறது பின்சில்லாலை. பின்னுக்கு எவ்வளவு பாரம் வைச்சாலும் அது திரும்பும். இது திரும்பிறது முன்சில்லாலை. பின்னுக்குக் கூட்டக் கூட்ட முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பப் பாக்குது."

"ஆனா முன்னுக்குத்தானே அந்தப் பெரிய சாமான் நிக்குது?"

"அதுதான் விளையாட்டு! ப்ளோவரைத் தூக்கினால் அதின்ரை பாரம் முழுக்க முன்சில்லிலை. நிலத்திலை இறக்கினால் அது தன்ரை காலிலை தானே நிக்குது. சில்லுக்கு ஒண்டுமில்லை. தூக்கேக்கை ஒரு கணக்கு, இறக்கேக்கை இன்னொரு கணக்கு. ரெண்டுக்கும் ஒத்துப்போற ஒரு இடம் கட்டாயம் இருக்கு."

"அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் பனியைக் காட்டினாள். "உது சொல்லும்."

அப்புறம் நடந்தது வேலை மாதிரியே இல்லை, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி மாதிரி இருந்தது. எறிக் ஒரு மூடையை அவிழ்த்து இறக்குவான். பேர்ள் முற்றத்தில் ப்ளோவரைத் தூக்கிக்கொண்டு ஒரு வட்டம் ஓடுவாள், இறக்கிக்கொண்டு இன்னொரு வட்டம். எறிக் தடத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று குனிந்து பார்ப்பான்.

"முன்னுக்கு இன்னும் மெல்லிசு! இன்னொண்டு இறக்கிறன்!"

"இப்ப?"

"இப்ப முன்னுக்குப் பல்லுத் தெரியுது! ஆனா வளைவிலை வழுக்கியிருக்கு!"

பிளேடைத் தாழ்த்தி நிலத்தில் வைத்துப் பார்த்தாள். அது உதவவில்லை. நிலத்தில் கிடக்கும் பிளேடின் பாரம் நிலத்துக்குத்தான், டிராக்டருக்கு இல்லை. அதைச் சற்றே தூக்கி, தரையிலிருந்து கொஞ்சம் விலகும்படி பிடித்தாள். ப்ளோவரையும் முன்போல வானத்துக்குத் தூக்காமல், பனிக்கு மேலால் போகும் அளவுக்கு மட்டும் தூக்கினாள். தாழ்வாக வைத்த பாரம் அடங்கி நடந்தது. மூடைகள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டன. மிச்சத்தைப் பிளேடின் நடுவில், டிராக்டருக்கு நெருக்கமாகத் தள்ளிக் கட்டினார்கள்.

"இப்ப ஓடும்!" என்றான் எறிக்.

தூக்கிக்கொண்டு ஒரு வட்டம். இறக்கிக்கொண்டு ஒரு வட்டம். எறிக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது.

"பேர்ள்! முன்னும் பின்னும் ஒரே மாதிரி! அச்சுக் குத்தின மாதிரிக் கிடக்கு!"

போன் மறுபடி அடித்தது. "ரிக்கட் குடுக்கிற வாசலைத் தாண்டிட்டம் பிள்ளையளே! ஐயோ, எங்கை பாத்தாலும் வெள்ளை! அற்புதம் அன்ரி அழுறா!"

"அவ சந்தோசத்திலை அழுறா, பயப்பிடாதையுங்கோ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்துவதும் கேட்டது.

பேர்ள் காத்திருக்கவில்லை. ப்ளோவரை இறக்கி, பாதையில் இறங்கிவிட்டாள்.

இந்த முறை டிராக்டர் அவள் சொன்னதைக் கேட்டது. வளைவில் ஒடித்தால் வளைந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் நின்றது. பனி ஒரு பக்கமாகப் பீறிட்டுப் பறக்க, அவளுக்குப் பின்னால் சரளைக்கல் பாதை நாடாவாக விரிந்துகொண்டே வந்தது. காலையில் அவளை நோக்கி நடந்து வந்த மரத்தைத் தாண்டும்போது, "தள்ளி நில்லு!" என்று அதைப் பார்த்துக் கத்தினாள். திரும்பி ஏறி, அகலம் போதாத இடங்களை இன்னொரு தடவை வழித்து, மறுபடி இறங்கினாள்.

பாதையின் அடியில், ரோட்டோரம் மதில் நின்றது. அதற்கு அப்பால் பஸ் வந்து நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

பஸ்ஸின் கதவு திறந்தது. டேமியன் என்ற உயரமான டிரைவர் முதலில் இறங்கினான். பிரகாசமான நிறத்தில் குளிரங்கி போட்ட ரோட்டுக் காவலர் ஒருவர் அதற்குள்ளேயே வந்து அவனிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். டேமியன் மதிலின் மேலால் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"கொஞ்ச நேரம்தான் விடுவாராம், மேடம்! அதுக்குள்ள முடியுமா? இல்லாட்டி நான் மேல போகணும்!"

அவன் ஆங்கிலத்தில் கத்தியதற்கு பேர்ள் தமிழிலேயே பதில் கத்தினாள். "முடியும்! நில்லுங்கோ!" அவனுக்கு விளங்கிவிட்டது.

மதிலை நோக்கி ப்ளோவரை இறக்கி முட்டினாள். இரவு விழுந்த பஞ்சுப்பனி இல்லை இது. லொறி நெரித்துத் தள்ளிய கட்டிப்பனி. சுருள் கடித்தது, பல்லைக் கடகடவென்று ஆட்டியது, பிறகு மதிலின் மேல் ஏறப் பார்த்தது. முன்சக்கரங்கள் நிலத்தை விட்டு எழும்பின. பேர்ள் உடனே பின்னால் எடுத்தாள்.

மதிலுக்கு அப்பால் பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளிக் குல்லா போட்ட அங்கிள்மார், சேலைக்கு மேல் பேரனின் குளிரங்கியை மாட்டிய அன்ரிமார். எல்லோர் கையிலும் போன்.

கீழே முட்டினால் ஏறுகிறது. அப்படியென்றால் மேலேயிருந்து சீவ வேண்டும். ப்ளோவரை மதிலின் பாதி உயரத்துக்குத் தூக்கினாள். இப்போது முழுப் பாரமும் முன்சில்லில். பின்பக்கம் தாங்குமா? மெல்ல முன்னே நகர்ந்தாள். சுருள் மதிலின் தலையைக் கடித்தது. பின்பக்கம் அசையவில்லை. கல்மணல் மூடைகளும் பிளேடும் பின்சக்கரங்களை நிலத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றன. மேல்பாதி நொறுங்கிக் குழாய்க்குள் போனது.

குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அந்தப் பரபரப்பில் அவள் மறந்துவிட்டாள்.

பனி பீறிட்டு எழுந்து, மதிலைத் தாண்டி, யேசுராசா அங்கிளின் மேல் தலை முதல் கால் வரை கொட்டியது. கத்தலும் சிரிப்பும் ஒரேயடியாகக் கிளம்பின. பேர்ள் பதறிப்போய் எஞ்சினைத் தணித்தாள்.

"அங்கிள்! ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைச் சிலையாக நின்ற யேசுராசா அங்கிள் இரண்டு கையையும் விரித்தார்.

"என்னத்துக்குப் பிள்ளை மன்னிப்பு? இதுக்குத்தானே வந்தனாங்கள்! இன்னொருக்காப் போடும்!"

"எனக்கு! எனக்கு!" என்று அற்புதம் அன்ரி முன்னுக்கு வந்தா. ரோட்டுக் காவலரே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பேர்ள் குழாயை மரங்களின் பக்கம் திருப்பிவிட்டு, மறுபடி கடித்தாள். மேல்பாதி, பிறகு ப்ளோவரை இறக்கிக் கீழ்பாதி. பின்னால் எடுத்து, பக்கத்தில் இன்னொரு வரி. ஒவ்வொரு வரி விழும்போதும் ரோட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ தாளம் பிடிக்க, கைதட்டு ஒரே சீராக விழுந்தது. கடைசித் துண்டு சாய்ந்து நொறுங்கியபோது, ரோட்டுக்கும் லொட்ஜுக்கும் நடுவில் ஒன்றும் மிச்சமில்லை. பேர்ள் டிராக்டரைப் பக்கமாக ஒதுக்கி வழிவிட்டாள்.

டேமியன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, சங்கிலிச் சில்லுகள் கறகறவென்று கடிக்க, மெல்ல மேலே ஏறினான். பேர்ளைக் கடக்கும்போது ஹோர்னை நீட்டி அழுத்தினான். ஜன்னல்களிலிருந்து கைகள் அசைந்தன. பேர்ள் டிராக்டரின் மேலேயே எழும்பி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

அன்றைக்கு லொட்ஜில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. இறைச்சி றோல்ஸ் தட்டில் வைக்க வைக்க மறைந்தது. இடியப்பமும் சொதியும் வந்தபோது ஆட்கள் உள்ளே இல்லை, முற்றத்தில் பனி உருட்டிக்கொண்டு நின்றார்கள். எறிக் கதவில் நின்று, "ஆறப்போகுது, வாங்கோ!" என்று கத்திக் கத்திக் களைத்து, கடைசியில் தானே போய்க் கொஞ்சம் பனியை உருட்டி யேசுராசா அங்கிளின் முதுகில் எறிந்தான். அடுத்த மாதம் இன்னொரு பஸ் கூட்டி வருவதாக அவர் அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தார்.

அற்புதம் அன்ரி டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தா. பின்னால் கட்டிய மூடைகளைத் தட்டிப் பார்த்தா.

"உதென்ன பிள்ளை, பின்னுக்கு மணல் மூடை?"

"அது இல்லாட்டி வழுக்கும் அன்ரி. கூடினால் திரும்பாது."

"அப்ப சரியாத்தான் வைச்சிருக்கிறீர்," என்று அன்ரி அதற்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, டிராக்டர் சீற்றில் ஏறி இருந்து படம் எடுத்துக்கொண்டா.

பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அப்போது பக்கத்து லொட்ஜின் பொறுப்பாளர் முழங்கால் வரை பனி அப்பியபடி பாதையில் ஏறி வந்தார். இந்த மலையில் பல குளிர்காலம் கண்ட மனிதர். டிராக்டரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, தங்கள் பாதை இன்னும் அடைபட்டுக் கிடக்கிறது, வழித்துத் தர ஆள் கிடைக்கவில்லை, அவளால் வர முடியுமா என்று கேட்டார்.

பேர்ள் எறிக்கைப் பார்த்தாள். எறிக் கையில் சொதிக் கரண்டியோடு நின்றான்.

"என்னைப் பாத்து என்ன? போமன்!" என்றான்.

மேகம் மறுபடி தாழ்ந்து, மெல்லிய பூவாகப் பனி விழத் தொடங்கியிருந்தது. பேர்ள் பட்டிகளை ஒருதரம் இழுத்துப் பார்த்து, வேலியில் கிடந்த ஜக்கெட்டை உதறிப் போட்டுக்கொண்டு ஏறி இருந்தாள்.

"போய்ட்டு வாறன்!" என்று கத்திக்கொண்டு அவள் பாதையில் இறங்க, பனியாட்டத்தை விட்டுவிட்டு அத்தனை பேரும் வேலியோரம் ஓடிவந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.